ஆயில் எஞ்சினின் புகை: காரணங்களும் பரிகாரங்களும்

(விவசாயிகளின் கூட்டத்திற்காக எழுதப்பெற்ற பிரசங்கம்)



நெருப்பில்லாமல் புகையாது என்பது நம் பெரியோர் வாக்கு. தோட்டத்தில் நிற்கும் ஆயில் எஞ்சினைப் பொறுத்தமட்டில் இந்த வாக்கைச் சற்று மாற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நெருப்பு செவ்வையாய் எரிந்தால் எஞ்சினின் புகைக்குழாயில் கண்ணுக்குத் தெரியும்படியான புகை அநேகமாய் இராது. புகை திரண்டு வருகிறதென்றால் உள்ளே நெருப்பு குறையாய் எரிகிறது என்று அர்த்தம். நம் வீட்டுப் பெண்மக்கள் இதை நன்கு அறிவார்கள். விறகு காய்ந்திருந்து, காற்றும் தாராளமாய்ப் போனால் அடுப்பு புகையாது. விறகு ஈரமானாலும், அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணித்தாலும் சமையலறை முழுதும் புகை சூழ்ந்துகொள்ளும். எஞ்சினும் இரும்பினால் செய்த ஓர் அடுப்பேயாகும்.

கிளம்ப மறுத்துப் புகை கக்கும் எஞ்சினைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். மின்சார இணைப்புப் பெற்ற கிணறுகள் நாட்டில் மிகுந்துவிட்டன. ஆயினும், இணைப்புக் கிடைக்காத தோட்டங்களிலும், வாய்க்காலிலிருந்தும் குளத்திலிருந்தும் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் நிலங்களிலும் ஆயில் எஞ்சினையே நம்பியிருப்போர் இன்றும் உளர்.

எஞ்சின் நின்றுபோவதற்கு நல்ல நாள் பார்ப்பதில்லை. நிலக்கடலை விழுது இறங்கும்போதும், நெற்கதிர் பால் பிடிக்கும்போதும், வெயில் கொளுத்தும்போதுமே அது தன் பிடிவாதத்தைக் காட்டுகிறது. உடையவர் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய், மெக்கானிக்குக்கு ஆள் அனுப்புகிறார். வந்தவர் திறமைசாலியாயிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், பார்த்தவுடனே எஞ்சினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பிவிடுகிறார். பிஸ்டன் ரிங் மாற்றவேண்டும், பம்ப் மாற்றவேண்டும் என்று ஒரு ஜாபிதா தயாராகிறது. பயிர் வாடுகிறது, பணமும் போகிறது. கடைசியில் பார்த்தால், டீசல் பில்டரில் அடைத்திருந்த அழுக்கோ, குழாயில் புகுந்த சிறிதளவு காற்றோதான் காரணமாயிருந்திருக்கும்.

ஆகையால் நான் வற்புறுத்த விரும்பும் விதி ஒன்றே. செலவில்லாத பரீட்சையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்யுங்கள். வெளியே பார்த்துத் தீர்ந்தபின்பே உள்ளே திறவுங்கள். வைத்தியர் நாடி பார்க்காமல் கத்தியை எடுப்பதில்லை. எஞ்சினின் நாடி அதன் புகையிலும், சத்தத்திலும், ஹாண்டிலைச் சுற்றும்போது நம் கைக்குத் தெரியும் எதிர்ப்பிலும் இருக்கிறது.

எஞ்சின் வந்த வரலாறு

ரூடால்ப் டீசல் என்ற ஜெர்மானிய இஞ்சினீயர் 1893இல் தமது யந்திரத்திற்குப் பேடண்ட் பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அதைச் செவ்வையாய் ஓட்டிக்காட்டினார். 1900இல் பாரிஸ் நகரத்தில் நடந்த கண்காட்சியில் அவ்வகையான சிறு எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடிற்று என்பது, கடலை பயிரிடும் நமக்குச் சுவையான செய்தி. நம் நாட்டில், சென்னை இஞ்சினீயரிங் காலேஜில் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆயில் எஞ்சினையும் சென்ட்ரிபியூகல் பம்பையும் கொண்டு கிணற்றிறவை செய்யும் முறையைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முயன்றார். அந்நாளைய சிறு எஞ்சின்களில் பலவற்றை விளக்கு வைத்துச் சூடேற்றியே கிளப்பவேண்டும். பின்னர் 1929இல் இங்கிலாந்திலுள்ள லிஸ்டர் கம்பெனியார் வெளியிட்ட டீசல் எஞ்சின் உலகெங்கும் பேர்பெற்றது. அதன் சாயலில் குஜராத்திலுள்ள ராஜ்கோட்டில் செய்யப்பட்ட எஞ்சின்கள் நம் தேசமெங்கும் பரவின. கம்பெனி எதுவாயினும் இவற்றின் தத்துவம் ஒன்றே.

எஞ்சின் வேலை செய்யும் விதம்

டீசல் எஞ்சினில் தீக்குச்சி கிடையாது, மின்பொறியும் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 17இல் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோலவே இங்கும் நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்துவிடுகிறது. அத்தருணத்தில் நாசில் என்னும் நுண்ணிய துவாரங்கொண்ட உறுப்பு, சாதாரணமாய்ச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோகிராம் அழுத்தத்தில், டீசலைப் பனிபோல் தூவுகிறது. தூவிய டீசல் காற்றின் சூட்டினாலேயே பற்றிக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது.

ஆகவே எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு: போதிய சுத்தமான காற்று, சுத்தமான டீசல், ஒழுகாத அமுக்கம், டீசல் தூவப்படும் சரியான நேரம். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் புகையும். நாம் தேடவேண்டியது இந்நான்கில் எது குறைந்தது என்பதே.

கிளம்ப மறுக்கும் எஞ்சின்

ஹாண்டிலைத் தொடுமுன் வேட்டியையும் துண்டையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் பின்னடித்தால் ஹாண்டிலைச் சுற்றி வளைத்திருக்கும் கட்டைவிரலே முறியும்.

முதலாவது, டீசலைப் பாருங்கள். தொட்டியில் டீசல் இருக்கிறதா? அடிக்குழாய் திறந்திருக்கிறதா? தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் புழுதியால் அடைபட்டிருந்தால், தொட்டி நிறைய டீசல் இருந்தாலும் அது கீழே இறங்காது. மூடியைத் தளர்த்தியவுடன் எஞ்சின் கிளம்பினால் வியாதி அங்கேதான்.

பிறகு, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவைத்து, ஹாண்டிலை நிதானமாய்ச் சுற்றி, நாசில் பக்கம் காது கொடுங்கள். டீசல் தூவப்படும் ஒவ்வொரு தடவையும் 'கிர்' என்ற ஒரு சிறு சத்தம் கேட்கவேண்டும். இச்சத்தம் கேட்காவிடில் டீசல் சிலிண்டருக்குள் சரியாய்ப் போகவில்லை. பெரும்பாலும் காரணம் குழாயில் புகுந்த காற்றாயிருக்கும். காற்று நெருக்கினால் சுருங்கும். டீசலோ ஏறக்குறையச் சுருங்காது. குழாயில் காற்று நின்றால், பம்பு கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, நாசில் திறவாமற்போகிறது.

காற்றை வெளியேற்றும் முறை சுலபமானது. முதலில் பில்டரின் மேலுள்ள திருகைச் சிறிது தளர்த்துங்கள். நுரையோடு வரும் டீசல் நுரையின்றி வரும்வரை விட்டு இறுக்குங்கள். அடுத்து, டீசல் பம்பிலுள்ள திருகில் அவ்வாறே செய்யுங்கள். கடைசியாக, நாசிலில் வந்து சேரும் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, ஹாண்டிலைச் சுற்றி, டீசல் நுரையின்றி வந்ததும் இறுக்குங்கள். தொட்டியிலிருந்து நாசில்வரை இந்த வரிசை மாறக்கூடாது. சில நாட்களில் மீண்டும் காற்றுப் புகுந்தால், எங்கோ ஒரு வாஷர் தேய்ந்திருக்கிறது அல்லது குழாய் வெடித்திருக்கிறது என்று கொண்டு, அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

இரண்டாவது, அமுக்கத்தைப் பாருங்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தணித்துவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாய்த் திருப்புங்கள். அமுக்கம் நன்றாயிருந்தால், பிஸ்டன் மேலேறும்போது ஒரு வில்லை வளைப்பதுபோல் எதிர்ப்புத் தெரியும். விட்டுவிட்டால் பிளைவீல் பின்னுக்குத் துள்ளும். எதிர்ப்பின்றிச் சுழன்றுவிட்டால் அமுக்கம் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் வழிகள் மூன்று: வால்வு, ஹெட் காஸ்கெட், பிஸ்டன் ரிங்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு பரீட்சை உண்டு. காற்று இழுக்கும் வழியாகச் சிறு கரண்டியளவு எஞ்சின் ஆயில் விட்டு, லீவரைத் தூக்கிவைத்துச் சில சுற்றுச் சுற்றி, மறுபடி அமுக்கத்தைப் பாருங்கள். அமுக்கம் கூடினால், விட்ட ஆயில் ரிங்குகளின் இடைவெளியை அடைத்தது என்று அறியலாம். குற்றம் ரிங்கிலோ லைனரிலோ இருக்கிறது. கூடாவிட்டால் வால்வையும் காஸ்கெட்டையும் சோதிக்கவேண்டும். கரண்டியளவுக்கு மேல் ஒருபோதும் விடாதீர்கள்; ஆயில் நெருங்காத பொருளாகையால், மிகுதியாய் நின்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கவேண்டும். எஞ்சின் சூடேறி உலோகம் விரியும்போது அதற்கு இடம் வேண்டுமன்றோ? இடைவெளி இல்லாமற்போனால் வால்வு முழுதும் மூடாது, அமுக்கம் ஒழுகும், வால்வும் கருகும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் அளவு வேறுபடும். ஆகையால் எஞ்சினோடு கொடுத்த கைப்புத்தகத்தில் கண்ட அளவையே, அதற்குரிய கேஜ் தகடு கொண்டு வையுங்கள். பிளேடையோ, காகிதத்தையோ செருகி உத்தேசமாய் வைக்கவேண்டாம்.

குளிர்ந்த விடியற்காலையில் எஞ்சின் கிளம்பாவிட்டால், சிலர் எண்ணெய்த் துணியில் தீ மூட்டி, காற்று இழுக்கும் வாயில் காட்டுகிறார்கள். வேறு சிலர் பெட்ரோலை ஊற்றுகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. முன்னதில் எரிந்த துணியின் சாம்பல் சிலிண்டருக்குள் போகும். பின்னதில் நேரம் தவறிய வெடிப்பினால் ரிங் முறியும், கையும் முறியும். எஞ்சின் குளிர்ந்திருப்பது மட்டுமே காரணமானால், குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும் பாகத்தில் வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் பொறுத்துக் கிளப்பினால் போதுமானது.

கறுப்புப் புகை

கிளம்பிய எஞ்சின் மூன்று நிறங்களில் பேசுகிறது. முதலாவது கறுப்பு. டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதே அதன் பொருள்; விறகு திணித்த அடுப்பின் கதை. எரியாத கரி அப்படியே வெளியே போகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான் அந்தக் கரி.

முதலில் காற்று பில்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் புழுதியால் அது அடைபட்டிருக்கலாம். பில்டரைக் கழற்றி ஒரு நிமிஷம் ஓட்டும்போது புகை தெளிந்தால் குற்றம் அதிலேயே. ஆனால் பில்டர் இல்லாமலே தொடர்ந்து ஓட்டாதீர்கள். புழுதியிலுள்ள மணற்பொடி லைனரையும் ரிங்கையும் அரம்போல் தேய்த்துவிடும்.

பில்டர் சுத்தமாயிருந்தும் புகை நிற்காவிட்டால் சுமையைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மீண்டும் ஓட்டுங்கள். புகை அறவே தெளிந்துவிட்டால் எஞ்சின் தன் சக்திக்கு மேற்பட்ட பாரத்தை இழுக்கிறது என்று கொள்ளலாம். அதிகத் தண்ணீர் வேண்டுமென்ற ஆசையால் எஞ்சினில் பெரிய கப்பியோ, பம்பில் சிறிய கப்பியோ மாட்டிவிடுவது பலர் செய்கிற காரியம். இதிலுள்ள கணக்கைக் கவனியுங்கள். சென்ட்ரிபியூகல் பம்பின் பொது விதிப்படி, வேகத்தை நூற்றுக்கு 10 உயர்த்தினால், அதை ஓட்ட வேண்டிய சக்தி நூற்றுக்குச் சுமார் 33 கூடுகிறது. வேகத்தை நூற்றுக்கு 20 உயர்த்தினால் சக்தி சுமார் 73 கூடுகிறது. வண்டியில் இரண்டு மூட்டை அதிகம் போட்டோம் என்று நினைக்கிறோம். மாட்டுக்கோ வண்டி ஏறக்குறைய இரண்டாகிவிடுகிறது. 5 குதிரைசக்தியுள்ள எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு 1 லிட்டருக்குச் சற்று அதிகமான டீசல் குடிக்கும். அளவுக்கு மீறிய சுமையில் அது இன்னும் அதிகமாய்க் குடித்து, அதில் ஒரு பங்கைக் கரியாய்த் துப்புகிறது. பம்புக்கு விதித்த வேகத்திற்கேற்ற கப்பியை மாட்டுவதே சிக்கனம்.

சுமையும் சரியாயிருந்தால், நாசில் டீசலைத் தூவாமல் சொட்டவிடுகிறதா என்று சோதிக்கவேண்டும். அதை அதற்குரிய கருவியுள்ள பட்டறையில் செய்விப்பதே நலம். வெளியே எடுத்த நாசிலின் முன் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் ஊசி குத்தினாற்போல் சிறிதாய்த் தோன்றினாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஆபத்து அது.

வெள்ளைப் புகை

வெள்ளைப் புகை இரு வகை. காரமான நெடியோடு கண்ணை எரிக்கும் புகை, எரியாமல் ஆவியாகிய டீசல். கிளப்பியவுடன் சிறிது நேரம் இது வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் வந்தால், அமுக்கக் குறைவோ, டீசல் தூவும் நேரம் பிந்தியதோ, நாசிலின் சொட்டலோ காரணம்.

நம் பக்கத்தில் மற்றொரு காரணமும் உண்டு. பம்பு இறைக்கும் கிணற்றுத் தண்ணீரையே எஞ்சினுக்குள் விட்டுக் குளிர்விக்கிறோம். தண்ணீர் மிகுதியாய்ப் பாய்ந்தால் சிலிண்டர் சூடேறுவதேயில்லை. எஞ்சின் ஜில்லென்று இருப்பது நல்லதென்று எண்ணுவது தவறு. வெளியே வரும் தண்ணீரில் கையை நெடுநேரம் வைக்கமுடியாத சூடு இருக்கவேண்டும், கொதிக்கவும் கூடாது. அதற்கேற்பக் குழாயைத் திருகி வையுங்கள். பம்பு தண்ணீர் எடுக்காமல் வறண்டு ஓடினால் எஞ்சினுக்கும் தண்ணீர் வராது; அப்போது காஸ்கெட் வெந்துபோகும். சூடேறிய எஞ்சினில் திடீரென்று குளிர்ந்த நீரை விட்டால் ஹெட் விரிசலடையும்.

இரண்டாம் வகை, நெடியில்லாத நீராவி. காஸ்கெட் பழுதாகியோ, ஹெட்டில் விரிசல் கண்டோ, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. தொட்டியில் நீர் வைத்துக் குளிர்விக்கும் எஞ்சினானால், ஓடும்போது அந்நீரில் குமிழிகள் ஓயாமல் எழும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பிபோல் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் அதிலும் கலந்துவிட்டது. இந்த அடையாளம் கண்டபின் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். இங்கேதான் மெக்கானிக்கை அழைப்பது நியாயமான செலவு.

நீலப் புகை

நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதற்குச் சாட்சி. ரிங் தேய்ந்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லவேண்டாம். அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். மேற்கோட்டுக்கு மேல் ஆயில் நிரப்பியிருந்தால் அந்த உபரியே எரியும். ஆயில் ஊற்றிவைக்கும் வகையான காற்று பில்டரில் கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், எஞ்சின் அதை உறிஞ்சிவிடும். இவ்விரண்டும் கரண்டியால் மொண்டு தீர்க்கும் வியாதிகள்.

இவை சரியாயிருந்தும் நீலப் புகை வந்தால், அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் கிளப்பியவுடன் குபீரென்று வந்து பிறகு குறைந்தால், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். சுமை ஏற ஏறப் புகையும் ஏறி, ஆயில் பெட்டியின் மூச்சுக்குழாயிலும் 'புஸ் புஸ்' என்று காற்று வந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்தன என்று நிச்சயிக்கலாம். முன்சொன்ன கரண்டி ஆயில் பரீட்சையும் அதையே சொன்னால், இனி எஞ்சினைத் திறக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. உறிஞ்சிய ஆயிலைக் கொண்டே எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுப்பது உண்டு. அப்போது டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. பிளைவீலுக்கு நேரே நில்லாமல், பக்கத்திலிருந்து, காற்று இழுக்கும் வாயைப் பலகையாலோ, மடித்த ஈரச் சாக்காலோ இறுக அடைத்துவிடுங்கள். உள்ளங்கையால் அடைக்கவேண்டாம். காற்று இல்லையானால் நெருப்பு இல்லை, எஞ்சின் அடங்கிவிடும்.

வருமுன் காத்தல்

இவ்வியாதிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அழுக்கும் அலட்சியமுமே. டீசலை ஒரு பாத்திரத்தில் ஓரிரவு தெளியவைத்து, அடியிலுள்ள கசடையும் நீரையும் விட்டு, மெல்லிய சல்லடையுள்ள புனலில் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் பாதித் தொட்டியாய் வைத்தால் உள்ளே ஈரம் வியர்த்து நீராய் இறங்கும். வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வையுங்கள். மலிவென்று மண்ணெண்ணெயைக் கலக்காதீர்கள். பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே வழவழப்புத் தருகிறது. மண்ணெண்ணெயில் அது குறைவாதலால், அவ்வுறுப்புகள் விரைவில் தேயும். கலப்பில் மிச்சமாகும் பணத்தைவிடப் பம்பின் விலை அதிகம்.

எஞ்சினுக்கு ஒரு கணக்குப் புத்தகம் வைப்பது மிகவும் அவசியம். ஓடிய மணி, ஊற்றிய டீசல், விட்ட ஆயில், ஆயில் மாற்றிய தேதி ஆகியவற்றைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எழுதிவிடலாம். அதே நிலத்துக்கு, அதே நீர்மட்டத்தில், போன மாதத்தைவிட டீசல் அதிகமாய்ச் செலவானால், புகை கண்ணுக்குப் படுமுன்பே புத்தகம் சொல்லிவிடும். கேஜ் தகடு, நல்ல ஸ்பானர்கள், வாஷர்கள், உபரி பில்டர் ஆகியவற்றை ஒவ்வொருவரும் வாங்குவது பாரமானால், நாலைந்து எஞ்சின்காரர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மடை முறைக்குக் கூடிப் பேசுகிற நாம் இதற்கும் கூடலாமன்றோ?

கிணற்றுக்குள் புகை

கடைசியாகச் சொல்லப்போவது உயிரைப் பற்றியதாகையால் மிகவும் கவனித்துக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

மேலேயுள்ள பம்பு கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்சும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீரைக் குழாயில் ஏற்றுவது உண்மையில் வெளிக்காற்றின் பாரமே. அந்தப் பாரம் சுமார் 10 மீட்டர் உயரத்துக்கு மேல் தண்ணீரைத் தள்ளாது. அனுபவத்தில் 6 அல்லது 7 மீட்டரே கைகூடும். கோடையில் கிணற்று நீர் அதற்குக் கீழே இறங்கும்போது, எஞ்சினையும் பம்பையும் சேர்த்துக் கிணற்றுக்குள் படிக்கட்டிலோ, மேடையிலோ இறக்கிவிடுகிறார்கள்.

அங்கே நடப்பதைச் சிந்தியுங்கள். கிணற்றின் வாய் ஒன்றே. எஞ்சின் விட்ட புகை மேலே போக வழியின்றி உள்ளே தேங்குகிறது. அந்தப் புகையையே எஞ்சின் மறுபடி இழுக்கிறது. காற்றில் பிராணவாயு குறைகிறது, புகை கறுக்கிறது, எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. உடையவர் என்ன கோளாறு என்று பார்க்கக் கிணற்றில் இறங்குகிறார். எஞ்சினுக்கே மூச்சு முட்டிய இடத்தில் மனிதனுக்கு மூச்சு எங்கிருந்து வரும்? அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு இதைப் பற்றிக்கொள்கிறது. இறங்கியவர் தலைசுற்றி, கால் தளர்ந்து, கூப்பிடவும் சக்தியின்றி விழுகிறார். அவரைத் தூக்க மகன் இறங்குகிறான். மகனைத் தூக்க அண்டைத் தோட்டக்காரர் இறங்குகிறார். ஒரே கிணற்றில் ஒருவர் பின் ஒருவராய் மாண்ட துயரங்கள் நம் நாட்டில் பல தடவை நிகழ்ந்திருக்கின்றன.

பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கு இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்கக்கூடாது என்பது உண்மையே. ஆனால் விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு மனிதனைக் கொல்லும் அளவு இருந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எஞ்சின் ஓடிய கிணற்றுக்கு விளக்குப் பரீட்சை போதாது.

ஆகையால் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். நீர்மட்டம் தாழ்ந்தால், எஞ்சினை மேலேயே நிறுத்தி, பம்பை மட்டும் கீழே வைத்து, நீண்ட பெல்ட்டினாலோ தண்டினாலோ ஓட்டலாம். ஜெட் பம்பு போன்ற ஆழக் கிணற்றுப் பம்புகளும், மின்சாரம் உள்ள இடத்தில் நீர்மூழ்கி மோட்டாரும் கிடைக்கின்றன. இவற்றுக்காகும் செலவு, ஒரு குடும்பம் தலைவனை இழக்கும் நஷ்டத்துக்கு ஈடாகாது. முன்பே உள்ளே இறக்கிவிட்ட எஞ்சினானால், அதை மேலேற்றும்வரை, புகைக்குழாயை நீட்டிக் கிணற்று வாய்க்கு வெளியே, காற்று வீசும் திசையறிந்து விடுங்கள். குழாய் நீட்டிவிட்டால் முற்றிலும் அபாயம் நீங்கிற்று என்றும் எண்ணவேண்டாம். மூட்டுகளில் புகை கசியும். எஞ்சின் ஓடும்போதும், நின்றவுடனும் யாரும் இறங்கக்கூடாது. காற்றாடி வைத்து நல்ல காற்றை நெடுநேரம் உள்ளே செலுத்தியபின், இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் அதைப் பிடித்து நிற்க, அவசியமிருந்தால் மட்டுமே இறங்கவேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே இறங்கிவிடாதீர்கள். மனம் பொறுக்காது, ஆயினும் பொறுத்தே ஆகவேண்டும். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். எஞ்சினை மேலிருந்து நிறுத்தக்கூடுமானால் நிறுத்துங்கள். கிடைத்த சாதனத்தால் காற்றை உள்ளே செலுத்துங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களில் உடனே தெரிவியுங்கள். மூச்சுக் கருவியோடு வருபவரே இறங்கத்தக்கவர். இந்த எண்களைப் பம்புக் கொட்டகையின் சுவரில் பெரிதாய் எழுதிவைப்பது ஒரு நாழிகை வேலை, இன்றைக்கே செய்யலாம்.

முடிவுரை

இதுகாறும் சொன்னவற்றைச் சுருக்கிக் கூறுகிறேன். எஞ்சின் கிளம்பாவிட்டால் முதலில் டீசலையும், பின்பு குழாயில் காற்றையும், அதன்பின் அமுக்கத்தையும் பாருங்கள். புகை கறுத்தால் காற்றும் சுமையும். வெளுத்தால் சூடும் அமுக்கமும் தண்ணீர்க் கசிவும். நீலித்தால் ஆயிலின் அளவும் ரிங்கும். காசில்லாத பரீட்சைகள் எல்லாம் முடிந்தபின்பே ஸ்பானரை எடுங்கள். எஞ்சினைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்துங்கள்.

இவற்றுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மாட்டின் சாணத்தையும் மூக்கையும் பார்த்து அதன் நோயறிந்த குடியானவனுக்கு, எஞ்சினின் புகையைப் பார்த்து அதன் நோயறிவது எளிதில் கைவரும் வித்தையே. வீட்டிலுள்ள இளைஞர்களுக்கும், எஞ்சினைக் கிளப்பும் பெண்மக்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் எஞ்சின்கள் புகையின்றி ஓடவும், உங்கள் கிணறுகளில் இறங்கியவர் யாவரும் சுகமாய் மேலேறி வரவும் வேண்டுமென்று கோரி, என் பிரசங்கத்தை முடித்துக்கொள்ளுகிறேன்.